வயசாளிகளின் பெரட்டு

இந்த அஞ்சலிக் கூட்டத்துக்குத் தலைமை தாங்கும் மதிப்புக்குரிய பங்குத்தந்தை அவர்களே! சந்திப் பள்ளிவாசலின் சார்பில் மேடையில் அமர்ந்திருக்கும் ஜனாப் மீராசாஹிப் அவர்களே! வத்தளையிலிருந்தும் டோஹாவிலிருந்தும் ஓடிவந்து, தூக்கம் தெளியாத கண்களோடு முன்வரிசையில் இருக்கும் அன்னாரின் மகன் ரொமேஷ், மகள் பிரின்ஸி அவர்களே! கதிரை கிடைத்தவர்களும் கிடைக்காதவர்களுமாகக் கூடியிருக்கும் கிரிமெட்டைத் தோட்டத்து மக்களே! கைத்தடிகளைச் சுவரில் சாய்த்துவிட்டு, எது யாருடையது என்று இப்போதே கவலைப்பட்டுக்கொண்டிருக்கும் என் சக வயசாளிகளே! உங்கள் எல்லோருக்கும் துயரம் கலந்த என் வணக்கம்.

நான் களைத்துப்போயிருக்கிறேன். அதை மறைத்துப் பேச எனக்குத் தெம்பில்லை. இந்தப் பாடசாலையில் நான் அதிபராக இருந்த காலத்தில் இதே மண்டபத்தில் பரிசளிப்பு விழாவுக்குப் பேசினேன், கிறிஸ்மஸ் ஒளிவிழாவுக்குப் பேசினேன், சரஸ்வதி பூஜைக்குப் பேசினேன். ஓய்வுபெற்ற பிறகு என்னை இந்த மேடைக்கு அழைப்பது சாவுக்கு மட்டும்தான். பின்னால் தொங்கும் கறுப்புத் துணியைப் பாருங்கள். "கண்ணீர் அஞ்சலி" என்ற எழுத்தை நிரந்தரமாகத் தைத்துவிட்டோம். கீழே பெயரை மட்டும் ஒவ்வொரு முறையும் கடதாசியில் எழுதிக் குத்துகிறோம். இன்று குத்தியிருப்பது கணக்கப்பிள்ளை லோரன்ஸ் ஐயாவின் பெயர்.

லோரன்ஸ் ஐயா! எத்தனை ஆயிரம் பெயர்களை அந்த வாய் கூப்பிட்டிருக்கும்! விடியற்காலையில் பெரட்டுக்களத்தில் நின்று, மலைக்கு வேலைக்குப் போகும் ஆட்களைப் பெயர் சொல்லிக் கூப்பிட்டு, இன்னார் கொழுந்து பறிக்க, இன்னார் தேயிலைச் செடி வெட்டும் கவ்வாத்துக்கு, இன்னார் மிளகுக்கு என்று பிரித்து அனுப்புவது கணக்கப்பிள்ளையின் வேலை. அந்தக் காலத்தில் அவர் கூப்பிட்டு முடிக்கும்போது வெயில் ஏறிவிடும். அவ்வளவு சனம்! பிந்தி வருகிறவர்களிடம், "இன்னைக்கு உனக்கு அரைப் பேர்தான்" என்பார். அரை நாள் சம்பளம் என்று அர்த்தம். குழந்தையில் நடை பழகியதே அவருக்கு அஞ்சித்தான் என்று சொல்லும் ஆண்கள் இங்கே இருக்கிறார்கள்.

அந்தச் சனமெல்லாம் எங்கே? லயத்து வரிசை வீடுகளில் பாதிக்கு மேல் பூட்டுத் தொங்குகிறது. கொழும்புக்குப் போனவர்கள், குவைத்துக்குப் போனவர்கள், நெருக்கடி வந்தபோது கிடைத்த நாட்டுக்குப் போனவர்கள். இந்தப் பாடசாலையில் இந்த ஆண்டு முதலாம் வகுப்புக்கு வந்தது ஒரே ஒரு பிள்ளை. விளையாட்டுப் போட்டியன்று அந்தக் குழந்தையை ஓட்டத்துக்கு நிறுத்தினார்கள். விசில் ஊதியதும் அது ஓடவில்லை. திரும்பித் திரும்பிப் பார்த்துவிட்டு, "என் கூட யாரு ஓடுறாங்க?" என்று அழத் தொடங்கிவிட்டது. கடைசியில் அதன் டீச்சர் சேலையைத் தூக்கிச் செருகிக்கொண்டு கூட ஓடினார். நாங்கள் கைதட்டினோம். எனக்கு அன்றைக்குச் சாப்பாடு இறங்கவில்லை.

எங்கள் தோட்டத்துக்கு மட்டும் வந்த கதை என்று நினைத்துவிடாதீர்கள். லக்கல பஸ்ஸில் வந்த ஒரு சிங்களப் பெரியவர் என்னிடம் சொன்னார், அங்கே வயலுக்கு இறங்கும் யானையை விரட்டுவதும் கிழவர்கள்தானாம். ஒருவர் பட்டாசைப் பிடிக்க, மற்றவர் கொளுத்த, இரண்டு பேருக்கும் கை நடுங்குகிறதாம். வஹகோட்டைக் கோயில் திருவிழாவுக்கு முன்பெல்லாம் இங்கிருந்து தனி பஸ் பிடித்துப் போன நாங்கள், இந்த முறை ஒரு வேனில் போனோம். அதிலும் காலை நீட்டிக்கொண்டு போக இடமிருந்தது.

பிள்ளைகளே, போனதற்காக உங்களைக் குறை சொல்ல நான் இங்கே நிற்கவில்லை. படியுங்கள், போங்கள் என்று இந்தக் கட்டடத்தில் வைத்து உங்களுக்குச் சொன்னவன் நான்தான். நாளைக்கு ஒரு பிள்ளை கேட்டாலும் அதையேதான் சொல்வேன். ஆனால் போனவர்களுக்குப் பின்னால் இருக்கிறவர்களை யார் பார்ப்பது? இந்தக் கேள்விக்கு லோரன்ஸ் ஐயா ஒரு பதில் வைத்திருந்தார். அதைச் சொல்லத்தான் நான் எழுந்தேன்.

சந்தனமேரி அக்காவை உங்களுக்கு நினைவிருக்கும். மேல் லயத்துக் கடைசிக் காம்பராவில் தனியாக இருந்தவர். ஒருநாள் பின்னேரம் பீலிக்கரையில் குடத்தை வரிசையில் வைத்துவிட்டு வீட்டுக்குப் போனார். அவருடைய முறை வந்தபோது ஆளைக் காணோம். நாங்கள் மரியாதை தெரிந்த சனம் அல்லவா? பக்கத்தில் நின்றவர்கள் அந்தக் குடத்தை நிரப்பி ஓரமாக வைத்தார்கள். மறுநாளும் குடம் அங்கேயே நின்றது. பழைய தண்ணீர் என்று யாரோ ஊற்றிவிட்டு, புதுத் தண்ணீர் பிடித்து வைத்தார்கள். அதற்கடுத்த நாளும் அப்படியே! குடத்துக்கு அத்தனை பேர் உதவி செய்தோம். குடத்துக்காரியைப் போய்ப் பார்க்க ஒருவருக்கும் தோன்றவில்லை. வாடை வந்த பிறகுதான் கதவை உடைத்தோம்.

அந்த அடக்கம் முடிந்து வரும்போது லோரன்ஸ் ஐயா வழியில் நின்றுவிட்டார். "சேர், நாளையிலிருந்து நான் பெரட்டு வைக்கப் போறேன்" என்றார்.

"யாருக்கு ஐயா? மலைக்குப் போறவங்களுக்கு இப்ப வேற ஆளு இருக்கே?"

"மலைக்குப் போகாதவங்களுக்குத்தான் சேர். பென்சன் எடுத்தவங்க, தனியாக் கெடக்கிறவங்க எல்லாரும் காலையில களத்துக்கு வரணும். நான் பேரு கூப்பிடுவேன். பதில் வராட்டி வீட்டுக்குப் போய்ப் பார்ப்பேன். அவ்வளவுதான்."

சிரித்தார்கள். வேலையில்லாதவனுக்கு என்ன பெரட்டு என்று கேட்டார்கள். ஆனால் மறுநாள் காலையில் அந்தக் குரல் கேட்டதும் என்ன நடந்தது? நாற்பது வருடம் அந்தக் குரலுக்கு எழுந்து பழகிய கால்கள் தாமாகவே களத்துக்கு வந்துவிட்டன! ஒருவர் ஸ்வெட்டரைத் திருப்பிப் போட்டுக்கொண்டு வந்தார். ஒருவர் பல் செட்டை மறந்துவிட்டு வந்தார். ஐயா ஒவ்வொரு பெயராகக் கூப்பிட்டார். "இருக்கேங்க" என்று ஒவ்வொருவராகப் பதில் சொன்னோம். கடைசியில், "சரி, எல்லாருக்கும் முழுப் பேரு. வீட்டுக்குப் போய்த் தேத்தண்ணி குடிங்க" என்று அனுப்பிவிட்டார். நான் தோட்டத்தில் வேலை செய்தவனே இல்லை. ஆனாலும் அந்த "முழுப் பேரு" எனக்கும் வேண்டியிருந்தது.

சந்தியில் கடைக்குப் பின்னால் தனியாக இருக்கும் ஹவ்வாம்மா இதைக் கேள்விப்பட்டு ஒருநாள் முக்காட்டை இழுத்துவிட்டுக்கொண்டு வந்து நின்றார்.

"எங்கூட்டுலயும் ஆளில்லிங்க ஐயா. மகன் சவூதியில. என் பேரையும் சேர்த்துக் கூப்பிடுங்க."

"உங்க பேரை எந்த மலையில போடுறதும்மா? நீங்க கொழுந்தே எடுத்ததில்லையே!"

"மொளகு மலையில போடுங்க. ஊட்டுக்குப் பின்னால ரெண்டு கொடி நிக்குது" என்றார் ஹவ்வாம்மா. அன்றிலிருந்து எங்கள் பெரட்டில் மிளகு மலைக்கு ஒரே ஒரு ஆள் உண்டு.

அவருடைய பெயருக்கு ஒருநாள் பதில் வரவில்லை. ஐயா இன்னொரு முறை கூப்பிட்டார். பிறகு சந்தியை நோக்கி நடந்தார். நடந்தாரா? அந்த முழங்கால்களை வைத்துக்கொண்டு ஓடினார்! குசினியில் அடுப்படியோரம் வழுக்கி விழுந்து, இடுப்பை அசைக்க முடியாமல் ஹவ்வாம்மா கிடந்தார். மீராசாஹிப் நானா த்ரீவீலரைக் கொண்டுவந்தார். மாத்தளை ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோனோம். அதோ, மூன்றாவது வரிசையில் அழுதுகொண்டிருக்கிறார். அழ உயிரோடு இருக்கிறார் என்றால், அது யாருடைய சேவை? எந்தத் திணைக்களம் செய்தது அதை? எந்தத் திட்டம் செய்தது? ஒரு குரலும் இரண்டு பழுதான முழங்கால்களும் செய்தன!

ரொமேஷ், நீங்கள் அப்பாவை வத்தளைக்கு வரச்சொல்லிக் கெஞ்சியது எனக்குத் தெரியும். ஒருமுறை வந்து தங்கியும் பார்த்தார். திரும்பி வந்து என்னிடம் சொன்னார்: "மகன் நல்லாத்தான் பார்த்துக்கிட்டான் சேர். மருமக டயனா தங்கம். ஆனா காலையில கண்ணு முழிச்சதும் இங்க யாரு வந்தாங்களோ, யாரு வரலியோன்னுதான் நெனப்பு ஓடுது. நான் அங்க இருந்து என்ன செய்ய?" உங்களைவிட எங்களை அவர் பெரிதாக நினைத்தார் என்று வருத்தப்படாதீர்கள். உங்களுக்கு டயனா இருந்தார். எங்களுக்கு வேறு யாருமில்லை.

இனி அந்தச் செவ்வாய்க்கிழமையைப் பற்றிச் சொல்லவேண்டும். சொல்லாமல் இறங்கினால் இந்தப் புகழ்ச்சியெல்லாம் பொய்யாகிவிடும்.

அன்று தூறல். நாங்கள் களத்துக்கு வந்துவிட்டோம். ஐயாவைக் காணவில்லை. கிளினிக் நாள், முதல் பஸ்ஸிலேயே மாத்தளைக்குப் போயிருப்பார் என்று ஒருவர் சொன்னார். சரியாகத்தான் பட்டது. "ஐயாவுக்கே இன்னைக்கு லீவு" என்று சிரித்தோம். ஆள் ஆளைப் பார்த்துக்கொண்டோம், எல்லோரும் இருந்தோம். குளிருக்குப் பயந்து கலைந்துபோனோம். அங்கிருந்து அவர் வீடு எவ்வளவு தூரம்? களத்தில் நின்று கூப்பிட்டால் கேட்கும் தூரம்!

பின்கதவுப் படியோரம் அவர் விழுந்து கிடந்தார். பொழுது சாயும்போது, முன்பு மிட்வைஃபாக இருந்த டொறீன் மிஸ்தான், ஐயா வீட்டில் லைட் எரியவில்லையே என்று போய்ப் பார்த்தார். அப்போது மூச்சு இருந்தது. ஆஸ்பத்திரியில் டாக்டர், "காலையிலேயே கொண்டு வந்திருந்தா..." என்று தொடங்கி, எங்கள் வயதைப் பார்த்துவிட்டு, மிச்சத்தைச் சொல்லாமல் போய்விட்டார். மறுநாள் ஐயா கண்ணை மூடிவிட்டார்.

எங்கள் எல்லோருடைய பெயரையும் அவர் கூப்பிட்டார். அவருடைய பெயரை யார் கூப்பிட்டது? ஒருவருமில்லை! கணக்கப்பிள்ளையின் பெயரைப் பெரட்டில் கூப்பிடும் வழக்கம் எந்தத் தோட்டத்தில் உண்டு? கூப்பிடுகிறவர் எப்போதும் இருப்பார் என்றுதான் எங்கள் சனம் பழகியிருக்கிறது. குடத்தை நிரப்பி வைத்த அதே சனம்! எனக்கு நெஞ்சு எரிகிறது. அழுகையைவிட அலுப்புத்தான் அதிகமாக வருகிறது. எத்தனை முறைதான் ஒரே பாடத்தைச் சாவுவீட்டில் படிப்பது?

அந்தச் செவ்வாய்க்கிழமைக்குப் பிறகு பெரட்டு நடக்கவில்லை. யார் கூப்பிடுவது என்று முதியோர் சங்கத்தில் பேசினோம். ஒருவருக்குத் தொண்டை சரியில்லை, ஒருவருக்குக் கண் தெரியவில்லை, ஒருவருக்கு விடியற்காலைப் பனி ஒத்துக்கொள்ளாது. எல்லாம் உண்மைதான், யாரும் சாட்டுச் சொல்லவில்லை. எல்லோருக்கும் போன் வாங்கித் தருகிறேன் என்று பிரின்ஸி நேற்றுச் சொன்னார். மகளே, உன் மனதுக்குக் கோடி நன்றி. வாங்கித் தா. ஆனால் விழுந்து கிடக்கிறவரின் போன் எப்போதும் மேசை மேலேதான் இருக்கும். அது அடிக்கும், அடித்து ஓயும். கதவைத் தட்டப் போகிறவருக்குக் கால் வேண்டும்.

ஆகவே, நான் கூப்பிடுகிறேன்.

கைதட்டாதீர்கள். ஆசைப்பட்டுச் சொல்லவில்லை. காலையில் எழவே எனக்குப் பிடிக்கவில்லை. என் குரல் ஐயாவின் குரல் மாதிரி மேல் லயம் வரைக்கும் போகாது, நீங்கள்தான் கிட்ட வந்து நிற்கவேண்டும். ஒரு நிபந்தனை உண்டு. என் பெயரை முதலில் யாராவது கூப்பிடவேண்டும். டொறீன் மிஸ், நீங்கள் கூப்பிடுவீர்களா?

"கூப்பிடுறேன் சேர். வராட்டி ஊட்டுக்கே வந்துருவேன்."

கேட்டீர்களா? டொறீன் மிஸ்ஸின் பெயரை ஹவ்வாம்மா கூப்பிடட்டும். கூப்பிடப்படாத ஒரு பெயர் இனிமேல் இந்தத் தோட்டத்தில் இருக்கக்கூடாது. லோரன்ஸ் ஐயாவின் ஆன்மா இளைப்பாறட்டும். அவருடைய வேலையை நாங்கள் செய்கிறோம். இதை இந்தக் கறுப்புத் துணிக்கு முன்னால் நின்று சொல்கிறேன்.

நாளைக் காலை, வெளிச்சம் வந்ததும் பெரட்டு. கிளினிக்குக்குப் போகிறவர்கள் முதல் நாளே சொல்லுங்கள். மகள் வீட்டுக்குப் போகிறவர்கள் சொல்லிவிட்டுப் போங்கள். கோபித்துக்கொண்டு வராமல் இருப்பவர்கள், கோபம் என்று ஆளிடம் சொல்லியனுப்புங்கள். சொல்லாமல் வராமல் இருப்பதற்கு ஒரே ஒரு காரணத்தைத்தான் ஏற்றுக்கொள்வோம். அந்தக் காரணம் என்றாலும், அன்று காலையே நாங்கள் வந்து கதவைத் தட்டுவோம்.