தேவனிடம் சொல்லாமல் வந்தோம்

செல் குண்டு விழுகிறது. ஒன்று கிணற்றடியில். அடுத்தது பள்ளிக்கூடப் பக்கம். முதலில் தூரத்தில் அதை ஏவும்போது குத்துகிற சத்தம். பிறகு கூவல். கூவல் சட்டென்று நின்றால் எங்களுக்கு மேலே என்று அர்த்தம்.

"தலையைக் குனி! குனி!"

கத்துவது யோகன், என் கணவர். என் மடியில் மகள் நிலா. ஆறு வயது. காய்ச்சல். மண்ணில் வெட்டிய பங்கருக்குள் நாலு பேர் இருந்தோம். இப்போது மூன்று பேர். யோகனின் தம்பி தேவன் அரை மணி நேரத்துக்கு முன் கேனைத் தூக்கிக்கொண்டு வெளியே போனான். பிள்ளைக்குத் தண்ணீர் எடுக்க என்றான்.

நான் நம்பவில்லை.

வன்னி. மாசி மாதம். செவ்வாய்க்கிழமை. பின்னேரம் மூன்றேகால். யோகனின் மணிக்கூட்டைப் பார்த்தேன். அதனால் தெரியும்.

"இப்ப வெளிக்கிடுவம்" என்றேன். "அவன் வரமுதல்."

யோகன் என்னைப் பார்த்தார். பிள்ளையைத் தோளில் போட்டார். அந்தப் பக்கம், ராணுவம் இருக்கும் பக்கம் ஓடினோம்.

ஏன் தேவனை நம்பவில்லை? அதைச் சொல்ல வேண்டும்.

அதற்கு முந்தைய வருடம் எங்கள் ஊர் வாசிகசாலையில் ஒரு கூட்டம். இயக்கத்திலிருந்து வந்தவர் பேசினார். தனிநாடு வரும், வந்தால் எல்லாம் சரியாகும் என்றார். யோகன் தபால் கந்தோரில் வேலை செய்தவர். அதிகம் கதைக்காத மனிதர். அன்று எழுந்து நின்றார்.

"நாடு கிடைச்ச பிறகு அங்கை நாங்கள் கேள்வி கேக்கலாமோ?"

இவ்வளவுதான் கேட்டார். இரண்டொருவர் சிரித்தார்கள். வந்தவரும் சிரித்தார். பெயரெல்லாம் கேட்கவில்லை. ஆனாலும் மூன்றாம் நாள் மோட்டார் சைக்கிளில் இரண்டு பேர் நேரே எங்கள் வீட்டுக்கு வந்தார்கள். விசாரிக்க வேண்டும் என்று யோகனைக் கூட்டிப்போனார்கள். பதினொரு நாள் கழித்துத் திருப்பி அனுப்பினார்கள். அவரால் வலது கையை மேலே தூக்க முடியவில்லை. என்ன நடந்தது என்று எனக்குக்கூட அவர் சொல்லவில்லை.

யாரோ பெயரும் வீடும் சொல்லியிருக்கிறார்கள். யார்? கூட்டத்தில் இருந்தவர்கள் எல்லாம் அயலவர்தான். தனிநாட்டை உயிராக நம்பியவன் எங்கள் வீட்டில் ஒருவன் இருந்தான். தேவன். இருபத்திநாலு வயது. தன் பள்ளிக்கூடம் எரிந்ததைக் கண்ணால் பார்த்தவன். எங்கள் மொழியில் எங்களை நாங்களே ஆள வேண்டும் என்பான். இனி சிங்களவரோடு சேர்ந்து வாழ ஏலாது என்பான். அண்ணனோடு சாப்பாட்டுக்கு முன்னால் இருந்து வாதாடுவான்.

அவன்தான் என்று முடிவு செய்தேன். சாட்சி இல்லை. கேட்கவும் இல்லை. அவனுக்குத் தேத்தண்ணி ஊற்றுவதை நிறுத்தினேன். கோப்பையை எடுத்து அவனே ஊற்றிக் குடித்தான். ஒரு வருடம் அப்படியே போனது. ஒரே பங்கரில், தோளோடு தோள் முட்டிக்கொண்டு, அவனோடு ஒரு வார்த்தை பேசாமல் இருந்தேன்.

அந்தப் பின்னேரம் எனக்குள் இருந்தது ஒரே நினைப்பு. நாங்கள் ராணுவத்தின் பக்கம் ஓடப்போகிறோம் என்று இயக்கத்துக்குச் சொல்லிக்கொடுக்கத்தான் அவன் போயிருக்கிறான்.

கடல்நீரேரி. இடுப்பளவு தண்ணீர். பின்னால், ஓடுகிறவர்களைச் சுடும் இயக்கத்தின் துவக்குச் சத்தம். பட், பட், பட். முன்னால் ஒலிபெருக்கி. கைகளைத் தூக்கு என்கிறது. பிள்ளை யோகனின் கழுத்தைக் கட்டிக்கொண்டிருக்கிறாள். அவரால் ஒரு கையைத்தான் தூக்க முடிகிறது.

"மற்றக் கை! மற்றக் கை!" ஒரு சிப்பாய் கத்துகிறான். உடைந்த தமிழ்.

நான்தான் அந்தக் கையைப் பிடித்து உயர்த்தினேன். அவர் வலியில் முனகினார்.

மறுநாள் காலை ராணுவத்தின் முன் வரிசை. இயக்க ஆட்களைக் காட்டிக்கொடுக்க, முகத்தை மூடிய ஒருவன் நாற்காலியில் இருந்தான். யோகனைப் பார்த்துத் தலையாட்டினான். அதிகாரி கேட்டார், "இயக்கத்தோட இருந்ததா?" யோகன் பொய் சொல்லத் தெரியாதவர். "என்னைப் பதினொரு நாள் வச்சிருந்தவை. விசாரிக்க" என்றார். அதிகாரிக்கு விசாரிக்க என்ற சொல் கேட்கவில்லை. பதினொரு நாள் மட்டும் கேட்டது. பஸ்ஸில் ஏற்றினார்கள். பச்சை பஸ். நம்பர் சேறு மூடியிருந்தது. அதற்குப் பிறகு நான் அவரைக் காணவில்லை.

முட்கம்பி முகாமில் ஒரு வருடம். பிறகு மன்னாரிலிருந்து படகு. இந்தியப் பக்கத்து மணல்திட்டில் இறக்கிவிட்டார்கள். விசாரணை. பிறகு திண்டுக்கல்.

இப்போதும் இங்கேதான் இருக்கிறேன். ஊருக்கு வெளியே அகதி முகாம். வீட்டு வாசலில் நின்றால் சிறுமலை தெரியும். வேடசந்தூர் மில்லுக்கு வேலைக்குப் போகிறேன். காலை ஐந்தே முக்காலுக்கு மில் பஸ். முதல் நாள் மெஷின் ஓடத் தொடங்கியதும் தரையில் படுத்துவிட்டேன். யாரும் சிரிக்கவில்லை. பஞ்சவர்ணம் என்ற பெண் வந்து பக்கத்தில் உட்கார்ந்தாள். "செத்த நேரம் இருங்கக்கா, பழகிரும்" என்றாள். பழகிவிட்டது. ஆள் எண்ண வரும் அதிகாரியும் பழகிவிட்டார். எங்கே போனாய், யார் வந்தார், ஏன் வந்தார். ஒவ்வொரு முறையும் அதே கேள்வி.

முகாமுக்கு வந்த மூன்றாம் வருடம் இராசம் என்னைத் தேடி வந்தாள். ஊரில் எங்கள் பக்கத்து வீட்டுக்காரி. வேறு மாவட்டத்து முகாமில் இருந்தாள். வாசற்படியிலேயே உட்கார்ந்தாள். உள்ளே வரவில்லை.

"யோகண்ணையின்ர பேரைச் சொன்னது நான்தான்."

எனக்கு முதலில் விளங்கவில்லை. அவளே தொடர்ந்தாள். அவளுடைய மகளுக்கு அப்போது பதினைந்து வயது. இயக்கம் படைக்குப் பிள்ளை பிடிக்க வந்தது. ஊரில் ஆர் என்ன கதைக்கினம் என்று சொன்னால் பிள்ளையை விடுவதாகச் சொன்னார்கள். அவள் சொன்னாள்.

"விட்டவங்கள். ஆறு மாசம். பிறகு கொண்டுபோயிட்டாங்கள்."

அவள் அழவில்லை. இன்னொன்றும் சொன்னாள். நாங்கள் ஓடிய அன்று தேவன் தண்ணீரோடு திரும்பி வந்திருக்கிறான். பங்கர் வெறுமை. நாலு நாள், ஒவ்வொரு பங்கராகக் குனிந்து கேட்டிருக்கிறான். "அண்ணியைக் கண்டியளோ? பிள்ளைக்குக் காய்ச்சல்." இராசத்திடமும் கேட்டான். சனிக்கிழமை காலை தேடப் போனவன் மேல் செல் விழுந்தது. அவளும் வேறு இரண்டு பேரும் அந்த இடத்திலேயே குழி வெட்டித் தாட்டார்கள்.

இராசத்துக்கு நான் ஒன்றும் குடிக்கக் கொடுக்கவில்லை. எழுந்து போகச் சொல்லவும் இல்லை. வெயில் இறங்கியதும் அவளே எழுந்து போனாள்.

போன மாதம் பஞ்சவர்ணத்தின் மகள் பிரியா வந்தாள். கல்லூரியில் படிக்கிறாள். போனில் பதிவை ஓடவிட்டுக் கீழே வைத்தாள்.

"பெரியம்மா, தனியாப் பிரிஞ்சிருக்கணுமா, சேர்ந்தே இருந்திருக்கலாமா? நீங்க என்ன நினைக்கிறீங்க?"

"இது ஆருக்குப் போகுது?"

"எங்க மேடத்துக்கு மட்டுந்தான்."

நான் நம்பவில்லை. நிலா உள்ளே இருந்து தலையாட்டினாள். வேண்டாம், பேசாதே என்று. அவளுக்கு இப்போது இருபது தாண்டிவிட்டது. கையில் எந்த நாட்டுப் பத்திரமும் இல்லை. அவளுக்கும் பயம் உண்டு.

ஆனால் தேவன் எந்தப் பட்டியலிலும் இல்லை. இயக்கத்தின் பட்டியலில் இல்லை. காணாமல் போனவர் பட்டியலில் இல்லை. அதனால் பேசினேன்.

எங்களை நாங்களே ஆள ஆசைப்பட்டது பிழை இல்லை என்றேன். தேவன் அதைத்தான் கேட்டான். அவன் கெட்டவன் இல்லை. ஆனால் என் கணவர் கேட்டது ஒரு கேள்வி. இருந்த நாடு அவரை வைத்திருக்கவில்லை. வரப்போன நாடும் அவரை வைத்திருந்திருக்காது. இனி ஆர் வந்து எந்த நாடு தருகிறேன் என்றாலும், பிரித்துத் தந்தாலும் சேர்த்துத் தந்தாலும், அதே கேள்வியைத்தான் நான் முதலில் கேட்பேன். கேட்ட பிறகு மோட்டார் சைக்கிள் வருகிறதா என்று கதவையும் பார்த்துக்கொண்டிருப்பேன்.

பிரியா போனை எடுத்துப் பதிவை நிறுத்தினாள்.

கணக்கு இது. ஒரு வீடு, ஒரு கிணறு, ஆறு தென்னை. யோகன், முப்பத்தெட்டு வயது, பச்சை பஸ்ஸில் ஏற்றப்பட்டவர். இராசத்தின் மகள், பதினைந்து வயது, திரும்பவில்லை. தேவன், இருபத்தைந்து வயது, கல் நடாத குழி.

பங்கருக்குள் நாங்கள் நாலு பேர். ஒருவரை அவர்கள் கொண்டுபோனார்கள். ஒருவனை நான் விட்டு வந்தேன். இருவர் மிச்சம்.