கையிருப்பு மூணு, விற்பனைக்கு பூஜ்யம்

…இல்லைன்னு நானா சொல்றேன்? கம்ப்யூட்டர் சொல்லுது தம்பி! இங்க பாருங்க, உங்க பக்கமே திருப்பிக் காட்டுறேன். சக்கர நாற்காலி, கையிருப்பு மூணு. அதுக்குப் பக்கத்துல… விற்பனைக்கு, பூஜ்யம். மூணும் கண்ணெதிர்ல பல்லை இளிச்சிக்கிட்டு நிக்குது. ஒண்ணுல நீங்களே உக்காந்திருக்கீங்க! ஆனா பில் போட விடமாட்டேங்குதே. 'தர ஆய்வுல இருக்கு'ங்குது. ஆய்வாளர் பாத்து, பாஸுன்னு ஒரு பொத்தானை அமுக்கினாத்தான் சரக்கு விற்பனைக்கே வரும்.

தெரியுது தம்பி, தெரியுது. மத்தியானம் அம்மாவை ஆஸ்பத்திரியிலேர்ந்து அனுப்பிடுவாங்க, நாற்காலி இல்லாம எப்படிக் கூட்டிட்டுப் போறதுன்னு தவிக்கிறீங்க. நான் என்ன கல்நெஞ்சக்காரியா?

முன்னாடியெல்லாம் சரக்கு வந்து இறங்கும், துணியால ரெண்டு தட்டு தட்டுவோம், வித்துடுவோம். இந்த சாஃப்ட்வேரைக் கொண்டுவந்து வச்ச பையன் இருக்கானே… மூக்காலயே பேசுவான். 'மேடம், இனிமே தப்பான சரக்கு வெளியவே போகாது மேடம்.' சரியான சரக்கும் போகாதுன்னு சொன்னானா? மூச்சு விடலையே!

ஆய்வாளரா? அதோ, அந்தக் கண்ணாடி ரூம்ல. பேரு பூதக்கண்ணாடி. நான் வச்ச பேருதான். நட்டு நட்டா முறுக்கிப் பாப்பாரு. சக்கரத்துல காதை வச்சு, 'ம்ம்ம்… லேசா முனகுது'ம்பாரு. பின்ன, அவருகிட்ட மாட்டிக்கிட்டா முனகாம பாட்டா பாடும்?

கூப்பிடுறதா, நானா? காலையிலேர்ந்து பேச்சுவார்த்தை கிடையாது தம்பி. அவரு எங்க வீட்டுக்காரரு. நான் போட்டிருக்கேனே இந்தச் சட்டை, ஒரு வாரமா முதுகொடிய நானே தைச்சது. ஆசையாப் போட்டுக்கிட்டு வந்து நின்னா, கண்ணாடியை மூக்கு நுனிக்கு இறக்கி, 'தோள்பட்டைத் தையல் கோணல். ரிஜெக்ட்!'ங்கிறாரு. கோணலாவா இருக்கு? நீங்களே சொல்லுங்க… சரி சரி, சொல்ல வேணாம்.

அட, எங்க உருட்டிக்கிட்டுப் போறீங்க? உக்காந்தபடியே அவரு ரூமுக்கா? போயும் பிரயோஜனமில்லை தம்பி! மூணையும் நேத்து கடை மூடுற நேரத்துக்கே பாத்து முடிச்சிட்டாரு. இன்னிக்குப் பொத்தானை அமுக்கலாம்னா கம்ப்யூட்டருக்குள்ளயே நுழைய முடியலை. பாஸ்வேர்டை… ம்… காலையில வந்ததும் நான்தான் மாத்திட்டேன்.

இப்படி முறைக்காதீங்க! அம்மா காத்திருக்காங்க, சரி, உங்களுக்காகச் சொல்றேன். 'சட்டைநல்லாருக்குமன்னிச்சுடு.' நடுவுல இடம் விடாம அடிக்கச் சொல்லுங்க. வாயால வராதது விரலாலயாவது வரட்டும்.

தம்பி, தம்பி! சத்தமா வாசிச்சுக்கிட்டே அடிக்கச் சொல்லுங்க. கதவை மட்டும் திறந்தே வைங்க!