அட்டையும் மரவட்டையும்

இல்ல அண்ணாச்சி, நீங்களும் இந்தப் பள்ளிக்கூடத்துக் கிளார்க்கு மாதிரியே சொல்லுதீகளே. ரெண்டும் ஊருததுதான், இல்லைங்கல. அதுக்காவ ரெண்டும் ஒண்ணாயிருமா? அட்டைன்னா, சேத்தூருக்கு மேக்க மலையடிவாரத்துல மழைக்குப் போனா கால்ல ஏறி ரத்தம் குடிக்குமே, அது. மரவட்டை நம்ம ரயில்பூச்சி. தொட்டாச் சுருண்டுக்கிடும். அதுக்குக் காலு இருக்கு, வளையத்துக்கு ரெண்டு சோடி. மேல ஓடு மாதிரி தோலு. அது நண்டு, எறா, பூரான் கூட்டம். அட்டைக்கு ஏது காலு? முன்னாடி ஒரு உறிஞ்சி, பின்னாடி ஒரு உறிஞ்சி, ஒட்டி ஒட்டி நகரும். அதும் மண்புழுவும் ஒரே கூட்டம். உடம்பு பூரா வளையம். வளைதசைப் புழுன்னு பேரு.

சிரிக்காதீக. எம் பொழப்பே இதுலதான் போச்சு.

இந்தப் பள்ளிக்கூடத்துல விலங்கியல் வாத்தியார் வேலைக்குப் பரீட்சை வச்சாகல்லா? ஒரே ஒரு இடம். நான் தமிழ்ல எழுதுனேன். ஒரு கேள்வி, வளைதசைப் புழு அல்லாதது எது? மண்புழு, அட்டை, நீரிஸ், கடல் எலி. நீரிஸ் கடல்ல கெடக்க புழு. கடல் எலிக்குப் பேருதான் எலி. மேல புசுபுசுன்னு மயிரா இருக்கும், திருப்பிப் போட்டா அடியில வளையம் வளையமா தெரியும். அப்போ நாலும் வளைதசைப் புழுதான! நான் எதத் தள்ள? ஒண்ணுந் தெரியாதவன் எலின்னு குறிச்சிட்டு அடுத்த கேள்விக்குப் போயிட்டான். நான் பேனாவ வச்சிக்கிட்டு முழிக்கேன். மேற்பார்வைக்கு நின்ன அம்மாட்டக் கேட்டா, கேள்வியப் பத்திப் பேசக் கூடாது தம்பிங்காக. கடைசில விட்டுட்டேன்.

விடை வந்துச்சு பாருங்க, அட்டையாம்! எனக்குத் தலையே சுத்திட்டு. பொறவுதான் தெரிஞ்சுது, இங்கிலீஷ் தாள்ல மில்லிபீட்னு இருக்கு. மில்லிபீட்னா மரவட்டை. தமிழ்ல மாத்துன மகராசன் மரத்த விட்டுட்டான்.

ஒரே மார்க்கு அண்ணாச்சி. அது வந்துட்டா முதல் ஆளும் நானும் சமம். சமமா வந்தா வயசுல மூத்தவுகளுக்குன்னு அவுக நோட்டீஸ்லயே போட்டிருக்கு. நான்தான் மூத்தவன். எம்.எஸ்ஸி. படிச்சிட்டு ராஜபாளையத்துல பேண்டேஜ் கம்பெனியில மெஷினப் பாத்துக்கிட்டு நிக்கேன். பஞ்சு பறந்து பறந்து மூக்கெல்லாம் எரியுது. இங்க வந்து கேட்டா, அந்தக் கிளார்க்கு, எல்லாம் பூச்சிதானங்காரு. புழுவே பூச்சி இல்லைங்கேன், அப்ப பாம்பாங்காரு! இவருக்கு எங்கருந்து நான் ஆரம்பிக்க? மனுவா எழுதி செயலாளர்ட்டக் குடுங்கன்னுட்டாரு. எழுதியாச்சு. இந்தா, சட்டைப் பையிலதான் இருக்கு.

இங்கிலீஷ் தாள் எங்கையில எப்படிக் கெடச்சுதா?

முதல் ஆள்தான் காட்டுச்சு. எங்க வீட்ல. ஆமா, எம் பொண்டாட்டி, யோகேஸ்வரி. ரெண்டு பேரும் ஒரே கிளாஸ்ல படிச்சவுகதான். அவ இங்கிலீஷ்ல எழுதுனா, மரவட்டைய சரியாக் குறிச்சிட்டா. நான் அன்னைக்கு யார் யாரையோ ஏசிக்கிட்டு இருந்தேன். அவதான் அவ தாளக் கொண்டாந்து எந் தாளுக்குப் பக்கத்துல விரிச்சு, இங்க பாருங்கன்னு வெரல வச்சா. தப்பு தப்புதான, எழுதிக் குடுங்கன்னா. சொல்லிட்டு அடுப்படிக்குள்ள போயிட்டா. கழுவி வச்ச பாத்திரத்தையே திரும்பவுங் கழுவுதா அண்ணாச்சி.

அந்தா, மாடியில கடைசி சன்னல், கேக்கா? அவ குரல்தான். இன்னைக்குத்தான் சேந்திருக்கா. எடுத்த எடுப்புல எம்புட்டு சத்தமாப் பேசுதா பாருங்க, வீட்ல இப்படிப் பேசி நான் கேட்டதில்ல.

ஆனா அந்தக் கேள்வி தப்பு அண்ணாச்சி. யாருகிட்டயாவது சொல்லலைன்னா மண்ட வெடிச்சிரும் போல இருந்துச்சு. உங்ககிட்டச் சொல்லிட்டேன்.

செயலாளர் கார் வந்துட்டு பாருங்க. எந்திரிங்க, போங்க, நீங்க அவருக்குத்தான காத்துக் கெடந்தீக. நானா? இல்ல, நான் அவரப் பாக்க வரல. மணியடிச்சா இறங்கி வந்துருவா, கூட்டிட்டுப் போகணும்.