அமைதி நேரம், காலை எட்டு முதல் பத்து வரை

— "மரியாதைக்குரிய பெரியோர்களே"ன்னு பேச்ச ஆரம்பிக்காதீங்க. பாதிப் பேர் அதுலயே தூங்கிடுவாங்க.

— வேற எப்படி ஆரம்பிக்கறது? நாளைக்கு முதல் வரிசைல உக்காரப்போறவங்க எல்லாம் பெரிய பெரிய ஆளுங்க.

— விழா முதல் வரிசைக்கா, அந்தப் புள்ளைங்களுக்கா?

— ரெண்டுக்கும்தான். விஷயம் என்னன்னா, எங்க மியூசியத்துல இப்படி ஒண்ணு இதுக்கு முன்னால நடந்ததே இல்ல. ஞாயித்துக்கிழமை காலைல ரெண்டு மணி நேரம் அமைதி நேரம். ஸ்பீக்கர் கிடையாது. பாதி விளக்குதான் எரியும். டாய்லெட்ல கை காய வைக்கிற மெஷின்கூட ஆஃப். சக்கர நாற்காலிக்குச் சரிவுப் பாதை போட்டாச்சு. கண்ணு தெரியாதவங்க தொட்டுப் பாக்கறதுக்குன்னு தனியா சிலைங்க செஞ்சாச்சு. எல்லாம் என் பொறுப்பு.

— இத்தன வருஷமா "தொடாதே"ன்னு போர்டு வெச்சீங்க. இப்ப "தொடு"ன்னு போர்டு. சட்டையக் குடுங்க, காலர் இன்னும் மடங்கியே இருக்கு.

— கிண்டல் பண்ணாத. இந்த மேப்பப் பாரு. எங்கெல்லாம் சத்தம் வருமோ அங்கெல்லாம் ஒரு காது படம். வெளிச்சம் கண்ணக் கூசினா கண்ணு படம். வெளியூர்லேருந்து வந்த அந்த நிபுணரம்மா அசந்தே போயிட்டாங்க. "டியூப்லைட் முனகற சத்தத்தக்கூடக் கவனிச்சிருக்கீங்களே, எப்படி சார்?"ன்னு கேட்டாங்க.

— என்ன சொன்னீங்க?

— நெறையப் படிச்சேன்னு சொன்னேன்.

— அது சரி. பதினொரு வருஷமா வீட்டுக்குள்ளயே படிச்ச படிப்பாச்சே. மேப் அட்டைல இருக்கற கறுப்பு ஹெட்போன் நம்ம பையனோடது. இடது பக்கம் நான் ஒட்டின டேப்பக்கூட விடாம வரைஞ்சிருக்காங்க.

— வரையறவர் மாதிரிக்குக் கேட்டார், எடுத்துட்டுப் போனேன். திருப்பிக் கொண்டுவந்து குடுத்துட்டேன்ல?

— மூணு நாள் கழிச்சு. அந்த மூணு நாளும் அவன் தலகாணிய ரெண்டு காதுலயும் அழுத்திக்கிட்டு கட்டிலுக்கு அடியில கெடந்தான்.

— சார். லைட்டு.

— இதோ அணைச்சிட்டேன் கண்ணா. நீ உள்ள போய் அந்தப் பழைய டிக்கெட்டெல்லாம் நம்பர் வாரியா அடுக்கு, போ... பாத்தியா? மறுபடியும் சார்! எட்டு மாசமா பாக்கறேன், பெத்த அப்பன சார்ங்கறான். அந்த ஸ்கூல்ல என்னதான் கத்துக் குடுக்கறாங்க? நீ போய்க் கேட்டியா இல்லியா?

— கேக்கறேன். நீங்க பேச்சப் படிங்க.

— ம். கேளு. "எட்டு மாதங்களுக்கு முன்பு ஒரு தாய் எங்களுக்குக் கடிதம் எழுதினார். அதில் பெயர் இல்லை, முகவரி இல்லை. அன்று ஒரு சிறப்புப் பள்ளியிலிருந்து ஏழு குழந்தைகள் எங்கள் அருங்காட்சியகத்துக்கு வந்திருந்தார்கள். முன்கூடத்தில் ஒலிபெருக்கி திடீரென்று முழங்கியது. ஒரு சிறுவன் காதைப் பொத்திக்கொண்டு தரையில் விழுந்து அலறினான். காவலாளி அவன் கையைப் பிடித்து வாசல்வரை இழுத்துச் சென்றார். அந்தத் தாயின் கண்ணீர்தான் இன்று நம் கண்ணைத் திறந்திருக்கிறது." எப்படி?

— கண்ணீர் விட்டேன்னு கடுதாசில எங்க இருந்துது?

— அதெல்லாம் மேடைக்காகச் சேக்கறதுதான். ஏழு புள்ளைங்கள்ல யாரோ ஒருத்தரோட அம்மா. அழாமயா எழுதியிருப்பாங்க?

— அழாமயும் எழுதலாம். சரி, நாளைக்கு இவனையும் கூட்டிட்டுப் போவோம். ஒரு வாரமா அந்த மேப்பத் தலகாணிக்கு அடில வெச்சுக்கிட்டுத் தூங்கறான். வாசல், காது படம், இடது பக்கம், படகுன்னு வெரல வெச்சு வெச்சுத் தேச்சதுல மடிப்பே கிழிஞ்சு போச்சு. உங்க மியூசியத்துப் படகப் பாக்கணுமாம். காலைலேருந்து "நாளைக்குப் படகு, நாளைக்குப் படகு"ன்னு நூறு தடவையாவது சொல்லியிருப்பான்.

— நாளைக்கு வேண்டாம்.

— யாருக்கு வேண்டாம்?

— அவனுக்குத்தான். கேமரா, மைக்கு, கூட்டம்... தாங்க மாட்டான். அடுத்த வாரம் நீ மட்டும் மெதுவாக் கூட்டிட்டு வா. எல்லாரையும் போல வரிசைல நின்னு டிக்கெட் வாங்கிட்டு வாங்க. என் பேரெல்லாம் சொல்ல வேண்டியதில்ல.

— ஊருக்குத்தான் உபதேசம்னு சொல்லுவாங்க. உங்க மியூசியத்துல அதையும் ஒரு கண்ணாடிப் பெட்டில வெச்சிருக்கலாம். இவனப் பாத்து எழுதி, இவன் ஹெட்போன வரைஞ்சு, இவனுக்கே கதவ மூடறதுக்குப் பேரு அமைதி நேரமா?

— கொஞ்சம் புரிஞ்சுக்கோ. விஷயம் என்னன்னா, ஆபீஸ்ல இவனப் பத்தி யாருக்கும் தெரியாது.

— பதினெட்டு வருஷமா ஒரே எடத்துல வேல பாக்கறீங்க. ஒரு புள்ள இருக்கான்னு யாருக்கும் தெரியாதா?

— இருக்கான்னு தெரியும். ஹாஸ்டல்ல தங்கிப் படிக்கறான்னு சொல்லி வெச்சிருக்கேன்.

— அது சரி.

— ஏன் அப்படிப் பாக்கற? இஸ்திரிப் பெட்டி சட்டை மேலயே இருக்கு, தீயப்போவுது!

— எடுத்துட்டேன். அந்தக் காவலாளி என்ன ஆனார்?

— அவனா? விசாரணை வெச்சு வீட்டுக்கு அனுப்பியாச்சு.

— விசாரிச்சது யாரு?

— நான்தான். புள்ள மேல கை வெச்சவன சும்மா விடச் சொல்றியா?

— கடுதாசில ஒரு வரிய விட்டுட்டுப் படிச்சீங்க.

— நான் எதையும் விடல.

— "காவலாளி தானாக இழுக்கவில்லை. மாடிப்படியில் விருந்தாளிகளோடு நின்ற அதிகாரி ஒருவர், யாரோட பையன் இது, முதல்ல வெளியே கொண்டு போ என்றார்." "இழுத்துச் சென்றார்"ங்கறதுக்கு அடுத்த வரி.

— அந்தக் கடுதாசி என் பீரோல பூட்டியிருக்கு. சாவி என்கிட்ட இருக்கு. நீ எப்படிப் பாத்த?

— பாக்கல. எழுதினேன். கையெழுத்து தெரிஞ்சிடுமேன்னு கடைல குடுத்து டைப் அடிச்சேன்.

— நீயா... அன்னைக்கு நீ அங்க வரவே இல்லியே! ஸ்கூல் பஸ்லதான அனுப்பி வெச்சோம்?

— அன்னைக்கு ஸ்கூல் ஆயா லீவு. தொணைக்கு வாங்கன்னு டீச்சர் கூப்பிட்டாங்க. வேற ஒரு பொண்ண டாய்லெட்டுக்குக் கூட்டிட்டுப் போயிருந்தேன். இவன் கத்தற சத்தம் கேட்டு ஓடி வந்தேன். தூணுக்கு இந்தப் பக்கம் நான், படிமேல நீங்க. நீங்க கேட்டது காதுல விழுந்ததும் எனக்குக் காலே நகரல.

— எட்டு மாசமா ஏன் ஒரு வார்த்த கேக்கல?

— நீங்களே சொல்லுவீங்கன்னு இருந்தேன். சாயந்திரம் வந்தீங்க, செருப்பக் கழட்டினீங்க, "இன்னைக்கு ஸ்கூல்ல என்ன பண்ணினான்?"னு கேட்டீங்க. அப்பத்தான் எழுதணும்னு தோணிச்சு. நாலு பேர் முன்னால உங்க தல குனியட்டும்னுதான் எழுதினேன். ஆனா அந்த மனுஷனுக்கு வேல போச்சு, உங்களுக்குப் பதவி ஒசந்துது. பழி ஓரிடம், பாவம் ஓரிடம். அந்தப் பாவத்துல எனக்கும் பாதி உண்டு.

— பயந்துட்டேன்மா. பெரிய மனுஷங்க பக்கத்துல நிக்கறாங்க, இவன் தரைல உருள்றான்... ஒரு நிமிஷம். ஒரே ஒரு நிமிஷம் புத்தி கெட்டுப் போச்சு.

— எட்டு மாசத்துல எத்தன நிமிஷம்னு அவனக் கேளுங்க, சரியாச் சொல்லுவான்.

— நாளைக்கு அவனக் கூட்டிட்டு வா. மேடைல என் பக்கத்துல நிக்க வெச்சு, இவன் என் பையன்னு எல்லார் முன்னாலயும் சொல்றேன். சத்தியமா சொல்றேன்.

— நீங்க சொல்லுவீங்க. பக்கத்துல நிக்கறவன் உங்கள என்னன்னு கூப்பிடுவான்?

— அது... ஸ்கூல்ல சொல்லி மெதுவா மாத்திக்கலாம். அவங்கதான கத்துக் குடுத்தாங்க?

— ஸ்கூல்ல கத்துக் குடுக்கல. அன்னைக்கு நீங்க திரும்பி மாடி ஏற ஆரம்பிச்சிட்டீங்க. அவன் உங்க முதுகப் பாத்து "அப்பா, அப்பா"ன்னு கத்தினான். காவலாளிக்கு என்ன தெரியும் பாவம், குனிஞ்சு அவன் கண்ணத் தொடச்சுவிட்டு நல்லவிதமாத்தான் சொன்னார்: "அது அப்பா இல்லடா கண்ணு, சார்." நம்ம புள்ளைக்கு எதையும் ஒரு தடவ சொன்னா போதும்.