சூப்பர்வைசர் போட்ட லீவு

பிள்ளைகளா, இன்று செந்துறை பஸ்ஸில் என் முன் சீட்டில் ஒரு கணவனும் மனைவியும் வந்தார்கள். அவர் சிமெண்ட் ஆலையில் லாரிக்கு மூட்டை ஏற்றும் பகுதியின் சூப்பர்வைசராம்.

“நான் இல்லாம வேலை நல்லா நடந்துருக்குடி” என்றார், இழவு வீட்டுக் குரலில்.

“அதுக்கு ஏங்க மூஞ்சி வாடுது?”

“ஆலையில மேனேஜ்மெண்ட் கிளாஸ் வச்சாங்கல்ல? அதிகாரி இல்லாட்டியும் வேலை நடந்தாத்தான் அவன் நல்ல அதிகாரின்னாரு வாத்தியார். சோதிச்சுப் பாக்கலாம்னு ஒரு வாரம் லீவு போட்டேன். ரெண்டாம் நாளே வாங்க சார்னு ஆள் வரும்னு வாசலையே பாத்துக்கிட்டிருந்தேன். ஒருத்தனும் வரல. ஒரு லாரிகூட காத்துக் கெடக்கலியாம்!”

“அப்ப நீங்க நல்ல அதிகாரிதானே?”

“மேனேஜர் அந்தக் கிளாஸுக்கு வரலியே! இன்னிக்கிப் போனா, இனிமே நீ எதுக்குய்யான்னு கேட்டு, வேலையை விட்டே அனுப்பிட்டார்னா?”

“ஒண்ணும் ஆவாது. இத்தன நாளா குறுக்க நின்னீங்க. இன்னயிலேர்ந்து ஓரமா நில்லுங்க.”

அவரே சிரித்துவிட்டார்.

ஆலை வாசலில் இறங்கியவர் பஸ்ஸைத் தட்டி, “ரைட், போலாம்!” என்று அதட்டினார்.

டிரைவர், கண்டக்டரின் விசிலுக்காகக் காத்திருந்தார்.