லூபா இறங்கி வரும்வரை

முகிலன்: இன்னொரு தடவை ஹார்ன் அடிங்கண்ணா. இதுக்கு மேல லேட்டானா ஃப்ரீவே ட்ராஃபிக்ல மாட்டிக்குவோம்.

சேனாபதி: வேணாம். லூபா எப்பவும் லேட்டுதான்.

முகிலன்: எப்பவும் லேட்டு நீங்க. அவ முன்னாடியே வந்து வாசல்ல நிப்பா. இன்னிக்குத்தான்... தெரிஞ்சிருக்குமோ?

சேனாபதி: என்ன தெரிஞ்சிருக்கும்? மீட்டிங்ல சொன்னாத்தான் யாருக்கும் தெரியும்.

முகிலன்: டீம்ல ஒரு ஆள் வேலைய விட்டுப் போகணுமாம். யார் வேண்டாம்னு நீங்களே பேர் எழுதிக் குடுங்கங்கறான். மேனேஜர் செய்யற வேலைய நம்ம தலையில கட்டிட்டான்.

சேனாபதி: ஃபீட்பேக்னு சொல்லு. ஆபீஸ்ல அதுதான் பேரு.

முகிலன்: லூபா வேற பேரு சொன்னா. வெள்ளிக்கிழமை, மைக்ரோவேவ்கிட்ட நின்னுக்கிட்டு. அவ ரஷ்யன்ல என்னமோ... தனோஸ்னு.

சேனாபதி: ம்.

முகிலன்: ரஷ்யாவுல படிச்சவராச்சே நீங்க. அப்படின்னா என்னங்ணா?

சேனாபதி: காட்டிக் குடுக்கறது.

முகிலன்: திட்டா?

சேனாபதி: இப்ப திட்டு. அவ தாத்தா காலத்துல பக்கத்து வீட்டுக்காரன் பேரை எழுதிப் போட்டா, விழிப்பா இருக்கற ஆளுன்னு பாராட்டுவாங்களாம். அதுக்குன்னு வாயில நுழையாத ஒரு வார்த்தை. பேப்பர்ல எல்லாம் வருமாம். அவ அம்மா காலத்துல அந்தப் பாராட்டு வார்த்தைய எவனாவது எடுத்தா, எல்லாரும் கூச்சப்பட்டுத் தலையக் குனிஞ்சு டீ குடிப்பாங்களாம்.

முகிலன்: செய்யற காரியம் ஒண்ணுதானே.

சேனாபதி: காரியத்தை யாரு பாக்கறா? நான் வரோனெஷ்ல படிக்கறப்ப ஒருத்தனுக்கு அம்பீத்ஸியா இருக்குன்னா, அதான்டா, ஆம்பிஷன்... ஹாஸ்டல்ல அவன் கேவலமான ஆளு. இப்ப மாஸ்கோ வேலை விளம்பரத்துல அதத்தான் கேக்கறாங்களாம். லூபா சொல்லிச் சிரிப்பா, எங்க ஊர்ல அயோக்கியன் கொஞ்சம் பொறுத்திருந்தாப் போதும், நல்லவனாயிடலாம்னு.

முகிலன்: அப்ப நாமளும் பொறுத்திருந்தா...

சேனாபதி: என்ன நாமளும்?

முகிலன்: இல்ல... சும்மா. அவ யார் பேரு எழுதினாளாம்?

சேனாபதி: எழுதலை. வெறும் பேப்பரை மடிச்சு அவன் கையில குடுத்துட்டு வந்துட்டா.

முகிலன்: திமிரு.

சேனாபதி: ...ஆமா.

முகிலன்: நமக்கு முடியுமா அது? வேலை போனா விசாவும் போச்சு. வீட்டுல கயலுக்கு அடுத்த மாசம் டெலிவரி. டாட்காம் கம்பெனியெல்லாம் கவுந்து கெடக்கு, இப்ப எவன் புதுசா ஆள் எடுக்கறான்?

சேனாபதி: எனக்கு மட்டும் என்ன... கிரீன் கார்டு பாதியில நிக்குது.

முகிலன்: உங்க பேரை நான் எழுதலைங்ணா. சத்தியமா.

சேனாபதி: உன் பேரை நானும் எழுதலை.

முகிலன்: அப்ப... யார் பேரு எழுதினீங்க?

சேனாபதி: வர்றா பாரு. பின்சீட்டுல இருக்கற உன் பையை எடு.

முகிலன்: அண்ணா.

சேனாபதி: கையில என்னடா அது? பெரிய பாட்டிலா இருக்கு...

முகிலன்: வெள்ளரிக்கா ஊறுகா. அவளே போட்டது. கயலுக்குப் புளிப்பா ஏதாவது வேணுமாம்னு நேத்து சொன்னேன். அதான் லேட்டு போல... யார் பேருங்ணா?

சேனாபதி: அவ அகதியா வந்தவடா. கிரீன் கார்டு கையில இருக்கு. யாரும் ஊருக்குப் போகச் சொல்ல முடியாது. வேற வேலை பாத்துக்குவா...

முகிலன்: நானும் அதத்தான் நெனச்சேன்.