ஒளிபரப்பாகாத பாதி

அவையை நடத்தும் தலைவர் பியோ அவர்களே, சாலிடர் புகையில் கண் சிவந்த மூத்தவர்களே, கடையையும் வீட்டையும் ஒரே தோளில் சுமக்கும் தாய்மார்களே, யோங்சான் கணினிச் சந்தையில் என்னோடு திருப்புளி பிடிக்கும் தோழர்களே! மூன்றாம் மாடி போங் செ-ஜுன் உங்களை வணங்குகிறேன்.

இன்று தீர்மானம் ஒன்றே ஒன்று. வாடிக்கையாளரைப் பயமுறுத்தி விரட்டினார் என்று தாக் மி-ரான் அக்காவைச் சங்கத்திலிருந்து நீக்குவதா, வேண்டாமா? சங்கத்தில் இல்லாதவருக்கு இந்தச் சந்தையில் கடை இல்லை. நீக்கினால், நாளை அவர் வீதியில்.

என்ன செய்தார் அக்கா? களவு செய்தாரா? கலப்படம் செய்தாரா? கேமராவுக்கு முன்னால் உண்மை சொன்னார்!

கணினிகளுக்கான புதிய இயங்குதளம் வெளிவந்த நாலாம் நாள், தொலைக்காட்சி நிருபர் ஒருவர் அவர் கடைக்கு வந்தார். நான் பக்கத்திலேயே நின்றேன்.

"அக்கா, இந்தப் புது சிஸ்டத்துல ஓட்டை இருக்காமே?"

"இருக்கு. ஆனா உங்க கம்ப்யூட்டர் முன்னாடியே உக்காந்து, உங்க பாஸ்வேர்டும் தெரிஞ்சவனாலதான் அதுல நுழைய முடியும். அவனுக்கு ஓட்டை எதுக்குப்பா? வாசல் வழியாவே வருவானே!"

"கொஞ்சம் பயந்த மாதிரி சொல்லுங்களேன்."

"பயம் வரலையே, நான் என்ன பண்ண?"

மாலைச் செய்தியில் அக்கா பேசியது ஒரே சொல்: "இருக்கு." பின்னால் பேய்ப்பட இசை. கீழே சிவப்பு எழுத்து: 'நாடே திறந்து கிடக்கிறது!'

சிரிக்கிறீர்கள். மறுநாள் சிரித்தோமா? சந்தை வாசல்வரை வரிசை. "பழசையே போட்டுக் குடுங்க!" போட்டோம். பழைய தளத்துக்குத் திருத்தம் வருவது நின்று இரண்டாண்டு ஆயிற்று. தெரிந்தே போட்டோம்! அக்கா மட்டும் மறுத்தார்.

"பழசுல இருக்குற ஓட்டைய அடைக்க ஆளே இல்லங்க. புதுசுக்கு ரெண்டு நாள்ல திருத்தம் வந்துரும், பொறுங்க."

இரண்டே நாளில் வந்தது. ஓட்டைக்கு ஒரு மணி நேரம் அலறிய தொலைக்காட்சியின் வாய், அது அடைபட்டதைச் சொல்ல ஒரு நொடி அசைந்ததா?

பின்வரிசையிலிருந்து "வியாபாரம் தெரியாத பொம்பள" என்கிறீர்களே அண்ணே, வாருங்கள், வியாபாரமே பேசுவோம். உல்ஜிரோவில் அச்சகம் நடத்தும் குக் ஐயா, அக்கா மறுத்ததும் கோபத்தோடு பக்கத்துக் கடைக்குப் போனார். பழைய தளம் ஏறியது. பதினோராம் நாள் எவனோ அதன் ஓட்டை வழியே புகுந்து அவர் கோப்புகள் அத்தனையையும் பூட்டிவிட்டான். நாற்பது ஜோடிகளின் திருமண அழைப்பிதழ் உள்ளே! அப்போதும் அவர் திட்டியது யாரை?

"டிவியில பயமுறுத்துனதே அந்தம்மாதான்! அதனாலதானே பழசுக்கு ஓடுனேன்!"

அந்தப் புகார்தான் தலைவர் மேசையில் கிடக்கிறது.

எந்தப் பக்கத்துக் கடை என்று கேட்கிறீர்களா?

"தம்பி, பழசு பத்திரந்தானே?" என்று கேட்டார் குக் ஐயா. "பாறை மாதிரி, ஐயா" என்றேன். நான்தான். இதோ, இந்தக் கைதான்!

அக்கா பேச்சில் பாதியை வெட்டியது தொலைக்காட்சி. வெட்டிய பாதி எனக்குத் தெரியும். காதால் கேட்டவன் நான். கல்லாப்பெட்டிக்காக விழுங்கினேன். நீங்களும் விழுங்கினீர்கள். ஓட்டையே இல்லாத தளம் இன்றுவரை பிறக்கவில்லை, தோழர்களே! சொன்ன ஓட்டை அடைபடும். மறைத்த ஓட்டை ஆளைத் தின்னும். சொன்னவரைத் துரத்திவிட்டு, மறைத்தவர்கள் நாம் இங்கே மாலை போட்டுக்கொள்வதா?

குக் ஐயா மூன்றாம் வரிசையில் அமர்ந்திருக்கிறார். இன்று காலை அவர் அச்சகத்துக்குப் போய், விழுங்கியதைச் சொல்லிவிட்டேன். அவர் வேறொரு தாளில் புகாரைத் திருத்தி எழுதிக் கொடுத்தார். அதில் இப்போது அக்காவின் பெயர் இல்லை; என் பெயர் இருக்கிறது.

தலைவர் அவர்களே, இதோ அந்தத் தாள். இதை முதலில் விசாரணைக்கு எடுங்கள். குறுக்கே பேசியும் கடைசிவரை கேட்ட உங்கள் எல்லோருக்கும் நன்றி. வணக்கம்!